இரண்டு வாரம் பக்க எண் பார்த்தேன், இதுவா கார்ப்பரேட் சட்டம்?

கேள்வி: வணக்கம் சார். நான் அரசு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டு பி.ஏ., எல்.எல்.பி. படிப்பில் நான்காம் ஆண்டு. ஊர் குடியாத்தம் பக்கம், அப்பா பத்திர எழுத்தர். விடுமுறையில் சென்னையில் ஒரு பெரிய கார்ப்பரேட் சட்ட அலுவலகத்தில் நான்கு வாரம் இன்டர்ன்ஷிப் செய்தேன். முதல் இரண்டு வாரமும் ஒப்பந்தங்களில் பக்க எண், பிரிவு எண் சரிபார்ப்பதுதான் வேலை. மூன்றாவது வாரம் ஒரு தொழிற்சாலை நிலத்தின் தமிழ்ப் பத்திரக் கட்டைக் கொடுத்து, ஆங்கிலத்தில் எக்செல் அட்டவணை போடச் சொன்னார்கள். கூட இருந்த தேசியச் சட்டப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆராய்ச்சிக் குறிப்பு எழுதும் வேலை, எனக்கு மட்டும் குமாஸ்தா வேலை. முடித்து அனுப்பியதற்கு ‘நோட்டட், தேங்க்ஸ்’ என்று ஒரே வரி பதில். ஆங்கிலம் சரளமாக வராததால் பார்ட்னரிடம் வாயே திறக்கவில்லை. ஸ்டைபண்டும் கிடையாது. சான்றிதழில்கூட என் பெயருக்குப் பதில் அப்பா பெயரைப் போட்டுவிட்டார்கள். எனக்கு கார்ப்பரேட் சரிப்பட்டு வருமா, இல்லை வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டில் ஒரு சீனியரிடம் சேர்ந்துவிடட்டுமா? நான் போட்ட அட்டவணையை அடுத்த விண்ணப்பத்தோடு மாதிரியாக வைக்கலாமா?

பதில்: தம்பி, மற்றதற்குப் போகும் முன் ஒன்று. உங்கள் கடிதத்தில் அந்தத் தொழிற்சாலையின் பெயர், அது இருக்கும் ஊர், வாங்க வந்திருப்பது யார் என்பதெல்லாம் விலாவாரியாக இருந்தது. அதை எடுத்துவிட்டுத்தான் மேலே போட்டிருக்கிறோம். கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை என்று தெரியும். ஆனாலும் கட்சிக்காரர் விஷயம் அலுவலகத்தைத் தாண்டி வரக் கூடாது. கட்சிக்காரர் சொன்னதை வக்கீல் வெளியே சொல்லக் கூடாது என்ற விதி அவருடைய குமாஸ்தாவுக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் பொருந்தும் என்று பழைய சாட்சியச் சட்டத்திலேயே இருந்தது. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 132-வது பிரிவும் அதையே சொல்கிறது. இன்டர்ன் அந்தப் பட்டியலில் வருவாரா மாட்டாரா என்று கோர்ட்டில் நின்று வாதாடலாம்தான், அந்த நிலைமை உங்களுக்கு வர வேண்டாம். சம்பந்தப்பட்ட கம்பெனி பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனியாக இருந்துவிட்டால் கதை இன்னும் பெரிது. இன்னும் அறிவிக்காத ஒரு கொள்முதலைப் பற்றித் தெரிந்துகொண்டு அதை அடுத்தவரிடம் சொல்வதே, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் 2015-ம் ஆண்டு விதிகளின்படி மீறலாகிவிடும்.

ஆகவே உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: அட்டவணையை மாதிரியாக வைக்கக் கூடாது. பெயரைக் கறுப்பு மையால் அடித்துவிட்டு வைக்கலாமே என்று தோன்றும். கிராமமும் சர்வே எண்ணும் தெரிந்தால் போதும், அது யாருடைய நிலம் என்று உங்கள் அப்பாவே சொல்லிவிடுவார். ஜிமெயிலிலோ பென் டிரைவிலோ பிரதி கிடந்தால் இன்றைக்கே அழித்துவிடுங்கள். அடுத்த இடத்தில் உங்கள் விண்ணப்பத்தைப் படிக்கிறவர், ‘அந்த அலுவலகத்துக் கோப்பை என்னிடம் காட்டுகிறவர் என் கோப்பை நாளைக்கு யாரிடம் காட்டுவார்’ என்றுதான் யோசிப்பார். பயோடேட்டாவில் எழுதிக்கொள்ளலாம், தாராளமாக. ‘ஒரு தொழில் நிறுவனக் கொள்முதலில், தமிழ் உரிமை ஆவணங்களைப் படித்து ஆங்கிலத்தில் உரிமை வரலாறு தயாரித்தேன்’ என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். பெயர், ஊர், தொகை வேண்டாம்.

இனி அந்தக் ‘குமாஸ்தா வேலை’க்கு வருவோம். எனக்கு உங்களோடு தகராறு இங்கேதான்.

ஒரு கம்பெனியை இன்னொருவர் வாங்கும்போது வக்கீல்கள் செய்கிற முதல் வேலை ட்யூ டிலிஜென்ஸ். விற்கிறவர் தன் காகிதங்களையெல்லாம் டேட்டா ரூம் என்று ஆன்லைனில் ஓர் இடத்தில் ஏற்றிவிடுவார். வாங்குகிறவரின் வக்கீல்கள் ஒவ்வொன்றாகத் திறந்து எங்கே ஓட்டை என்று தேடுவார்கள். கம்பெனி வருடா வருடம் தாக்கல் செய்யும் விவரப் படிவமான எம்.ஜி.டி.-7 ஒழுங்காகப் போட்டிருக்கிறார்களா, பங்கு ஒதுக்கியதற்குப் பி.ஏ.எஸ்.-3 படிவம் இருக்கிறதா, வங்கிக் கடனை அடைத்தாயிற்று என்கிறார்களே, அதைச் சொல்லும் சி.எச்.ஜி.-4 படிவம் தாக்கல் ஆகியிருக்கிறதா, இல்லை கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் அந்தக் கடன் இன்னும் உயிரோடு நிற்கிறதா என்று பார்ப்பார்கள். இவையெல்லாம் ஆங்கிலத்தில், ஒரே மாதிரிப் படிவத்தில் இருக்கும். டெல்லியில் படித்தவரும் பார்க்கலாம், மும்பையில் படித்தவரும் பார்க்கலாம். தமிழ்ப் பத்திரம் அப்படி இல்லை. அதனால்தான் அந்தக் கட்டு உங்கள் மேஜைக்கு வந்தது.

நம் பக்கத்து நிலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம், ராணிப்பேட்டை அருகே என்று வையுங்கள். உங்கள் கட்டைப் பற்றி இல்லை, பொதுவாகச் சொல்கிறேன். எழுபதுகளில் எழுதிய கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் ‘வட ஆற்காடு ஜில்லா, வாலாஜா தாலுகா’ என்று இருக்கும். 1989-ல் மாவட்டத்தைப் பிரித்த பிறகு எழுதியதில் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். அப்புறம் சில வருடம் கழித்து வேலூர் மாவட்டம். 2019 கடைசியில் மறுபடி பிரித்ததற்குப் பிறகு ராணிப்பேட்டை மாவட்டம். நிலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, மாவட்டப் பெயர் மட்டும் நாலு. இடையில் சார்பதிவாளர் அலுவலக எல்லையும் மாறியிருந்தால், இன்றைய அலுவலகத்தில் மட்டும் வில்லங்கம் போட்டுப் பார்ப்பவருக்கு அந்தக் காலத்து அடமானம் கண்ணில் படாமலே போகலாம்.

அளவைப் பாருங்கள். பத்திரத்தில் 2 ஏக்கர் 10 சென்ட். பட்டாவில் 0.85 ஹெக்டேர். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர் என்று பெருக்கினால் இரண்டும் ஒன்றுதான், கவலையில்லை. பட்டாவில் 0.81 என்று இருந்தால்? பத்து சென்ட் காணவில்லை. ரோடு போட எடுத்துக்கொண்டார்களா, யு.டி.ஆர். என்று நில ஆவணங்களைப் புதுப்பித்த காலத்தில் பக்கத்து நிலத்துக்காரர் பெயரில் ஏறிவிட்டதா, இல்லை முதலிலிருந்தே பத்திரத்தில் கூட்டி எழுதினார்களா? எஃப்.எம்.பி. என்ற புல அளவை வரைபடத்தையும், கிராமத்து நில விவரம் இருக்கும் அ-பதிவேட்டையும் வாங்கிப் பார்க்காமல் சொல்ல முடியாது. காம்பவுண்டுச் சுவர் அந்தப் பத்து சென்ட்டின் மேல் நிற்கிறது என்றால் வாங்க வந்தவருக்குத் தூக்கம் போய்விடும்.

எனக்குப் பிடித்த சிக்கல் இன்னொன்று உண்டு. 1991-ல் ஒரு பாகப்பிரிவினை, பூர்வீகச் சொத்து, அண்ணன் தம்பி இருவர் மட்டும் கையெழுத்து. படித்துக்கொண்டே போனால் நடுவில் ஒரு வரி வரும், ‘நம் சகோதரிக்குக் கல்யாணம் செய்துவைக்கும் செலவை இருவரும் சமமாக ஏற்க வேண்டியது’ என்று. அப்படியென்றால் அந்தத் தேதியில் சகோதரிக்குக் கல்யாணம் ஆகவில்லை. நாடு முழுவதும் மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை வந்தது இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்தில். அந்தத் திருத்தம் 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினையைத் தொடாது. அதை மட்டும் படித்தவர், ‘1991-தானே, பிரச்சினையில்லை’ என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். தமிழ்நாடோ 1989 மார்ச் 25-லிருந்தே, அதற்கு முன் கல்யாணமாகாத மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு கொடுத்துவிட்டது. அப்படிப் பார்த்தால் 1991 பத்திரத்தில் அந்தப் பெண்ணின் கையெழுத்து இல்லாதது பெரிய ஓட்டை. இப்போது வழக்குப் போட்டால் காலாவதியாகிவிட்டதா என்பது தனி வாதம். ஆனால் இப்படி ஒன்று இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

தெரிந்தால் என்ன நடக்கும்? விற்பனை முடிவதற்குள் அந்தச் சகோதரியிடம் விடுதலைப் பத்திரம் வாங்கித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் நிபந்தனை ஏறும். இல்லையென்றால் விலையில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்துக்கொள்வார்கள். அதுவும் முடியாவிட்டால் பின்னால் வரும் நட்டத்துக்கு விற்கிறவர் ஈடுகட்டுவதாக ஒரு பிரிவு வரும். எக்செல்லில் நீங்கள் குறிப்புப் பத்தியில் எழுதும் ஒரு வரிதான் அங்கே போய் ஒப்பந்தப் பிரிவாக மாறுகிறது. உங்கள் கட்டில் இதில் எது இருந்தது, எது இல்லை என்று தயவுசெய்து எனக்கு எழுத வேண்டாம்!

கடிதத்தில் ‘அப்பா பத்திர எழுத்தர்’ என்பதை ஊர்ப் பெயரோடு சேர்த்து ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அந்த அலுவலகத்தில் யாரிடமாவது சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்த முறை சொல்லுங்கள். தாய்ப்பத்திரத்திலிருந்து கடைசிப் பத்திரம்வரை தொடர்பு அறுகிறதா என்று பார்க்க, சொத்துச் சட்டப் புத்தகத்தைவிட உங்கள் அப்பாவோடு உட்கார்ந்து நாலு பழைய பத்திரம் படிப்பது சீக்கிரம் கற்றுக்கொடுக்கும்.

பக்க எண், பிரிவு எண் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சலிப்பான வேலைதான். ஆனால் பேச்சுவார்த்தையில் ஒரு பிரிவு தூக்கப்பட்டு 9.4 என்பது 9.3 ஆகிவிட, ஈட்டுத் தொகைக்கு உச்சவரம்பு வைக்கும் வரி மட்டும் பழைய 9.4-ஐயே காட்டிக்கொண்டிருந்தால், நாளைக்கு அந்த உச்சவரம்பே பொருந்தாது என்று எதிர்த் தரப்பு கிளம்பும். அதனால்தான் ஒரு ஆளை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். புதிதாக வரும் அசோசியேட்டும் இதைத்தான் செய்கிறார், என்ன, அவருக்குச் சம்பளம் வருகிறது.

தேசியச் சட்டப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆராய்ச்சிக் குறிப்பு போன விஷயத்தில் நான் உங்களுக்குச் சமாதானம் சொல்லப்போவதில்லை. கல்லூரிப் பெயரைப் பார்த்து வேலை பிரிப்பது நடக்கிறது. பெரிய அலுவலகங்கள் நேரடியாகப் போய் ஆள் எடுக்கிற கல்லூரிகள் கொஞ்சம்தான், நம் பக்கத்து அரசுக் கல்லூரிகள் அந்தப் பட்டியலில் இல்லை. உங்களைப் போன்றவர் உள்ளே போவதற்கு இன்டர்ன்ஷிப்தான் வழி, அதுவும் அதே இடத்துக்கு இரண்டாவது முறை கூப்பிடுகிற அளவுக்கு யாராவது ஒருவர் உங்களை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அங்கேதான் ஒரு வாய்ப்பு நழுவியிருக்கிறது. ‘நோட்டட், தேங்க்ஸ்’ என்றால் கோபமில்லை, அலட்சியமும் இல்லை. அன்றைக்கு அவருக்கு இன்னும் ஆறு அட்டவணை வந்திருக்கும். நீங்கள் அனுப்பிய மெயிலில் ‘அட்டாச்டு’ என்பதைத் தவிர வேறு ஏதாவது எழுதினீர்களா? மெயிலிலேயே மூன்று வரி போதும். கட்டில் மொத்தம் எத்தனை பத்திரம், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம்வரை, நடுவில் எது கிடைக்கவில்லை என்று முதல் வரி. பார்ட்னர் கட்டாயம் பார்க்க வேண்டிய இரண்டு சிக்கல், பத்திர எண்ணோடு, அடுத்த வரி. இதைத் தெளிவாக்க இன்னும் என்ன காகிதம் கேட்க வேண்டும் என்று மூன்றாவது வரி. அட்டவணையைத் திறக்க நேரமில்லாதவரும் இதைப் படித்துவிடுவார். நாலு நாள் கழித்து, ‘அறிக்கையில் என் குறிப்பு எதையாவது மாற்றினீர்களா, எதை, ஏன்’ என்று கேளுங்கள். ‘ஃபீட்பேக் கொடுங்கள்’ என்று மொட்டையாகக் கேட்டால் ‘குட் ஒர்க்’ என்பார்கள், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

ஆங்கிலத்தைப் பற்றிய பயமும் பாதி இதிலேயே தீரும். இந்தத் தொழிலில் பேச்சைவிட எழுத்துத்தான் அதிகம். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குக் கட்டும் பணத்தை மிச்சம் பிடியுங்கள். பட்டியலிடப்பட்ட கம்பெனிகளின் பங்கு வெளியீட்டு ஆவணங்கள் செபியின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் வழக்குகள், சொத்துகள் பற்றிய பகுதியை எடுத்துத் தினம் இரண்டு பக்கம் படியுங்கள். படித்ததை மூடிவைத்துவிட்டு நீங்களே எழுதிப் பாருங்கள். வாக்கியம் கைக்கு வந்துவிட்டால் வாய்க்கும் வந்துவிடும்.

சரி, கோர்ட்டா கார்ப்பரேட்டா? இப்போதே முடிவு செய்யத் தேவையில்லை, செய்யவும் முடியாது. இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகள்படி ஐந்தாண்டுப் படிப்புக்கு மொத்தம் 20 வாரம் இன்டர்ன்ஷிப் வேண்டும். ஒரு வருடத்தில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. விசாரணை நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டிலும் நடத்தும் வக்கீல்களிடம் ஒரு முறையாவது இருந்திருக்க வேண்டும். நீங்கள் இதுவரை அதைச் செய்யவில்லை என்றால் அடுத்த விடுமுறையை சத்துவாச்சாரிக்குக் கொடுங்கள். கிரிமினல் சீனியரிடம் வேண்டாம். பாகப்பிரிவினை, உரிமை மூல வழக்கு நடத்துகிற சிவில் சீனியராகப் பார்த்துச் சேருங்கள். ஒரு பத்திரம் எப்படி உடைகிறது என்பதை சாட்சிக் கூண்டில், குறுக்கு விசாரணையில் பார்த்தவருக்கு, மறுபடி டேட்டா ரூமில் உட்காரும்போது எந்த வரியில் நிற்க வேண்டும் என்று தெரியும். ஐந்தாம் ஆண்டில் திரும்பவும் சென்னைக்கு விண்ணப்பியுங்கள். அதே அலுவலகத்துக்கு ஒன்று, நிலமும் தொழிற்சாலையும் அதிகம் பார்க்கிற நடுத்தர அலுவலகங்களுக்கு நாலைந்து. ஸ்ரீபெரும்புதூர், ராணிப்பேட்டை பக்கத்துக் கம்பெனிகளின் சட்டப் பிரிவுகளையும் மறந்துவிடாதீர்கள்.

வீட்டு நிலைமையை நீங்கள் எழுதவில்லை, ஆனால் அதுவும் கணக்கில் வரும். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதையடுத்து, ஜூனியர் வக்கீலுக்கு மாதம் குறைந்தது சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் தர வேண்டும் என்று நம் தமிழ்நாடு பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது. சீனியரிடம் சேரும்போது அதைக் கையில் பிடித்துக்கொண்டு பேரம் பேச முடியும் என்று நம்பிப் போகாதீர்கள். முதல் மாதத்திலிருந்தே வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியிருந்தால் கம்பெனிச் சட்டப் பிரிவோ சென்னை அலுவலகமோதான் யதார்த்தம்.

விண்ணப்பத்தோடு வைக்க மாதிரி எழுத்து வேண்டும் என்றீர்கள். யாருடைய கோப்பும் தேவையில்லாத ஒரு தலைப்பு உங்கள் காலடியிலேயே இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலை வைத்திருக்கும் ஒரு கம்பெனியின் பங்குகளை ஒருவர் வாங்கினால், அவருடைய வக்கீல் என்னென்ன சுற்றுச்சூழல் காகிதம் பார்க்க வேண்டும்? 1974 தண்ணீர்ச் சட்டம் 25-வது பிரிவிலும் 1981 காற்றுச் சட்டம் 21-வது பிரிவிலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு, பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினர் தகுதி, பழைய நோட்டீஸ்கள். பாலாற்றுத் தோல் கழிவு பற்றிய வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் கொடுத்த தீர்ப்பை எந்தச் சட்டக் கல்லூரியிலும் நடத்துவார்கள். மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டோடு பாடம் முடிந்துவிடும். பங்குகளை வாங்கினால் கம்பெனியின் பழைய பொறுப்பும் கூடவே வருகிறது, அதை ஒப்பந்தத்தில் எப்படிக் கட்டுவது என்று நாலு பக்கம் எழுதுங்கள். முழுக்கப் பொதுவெளியில் இருப்பதை வைத்தே எழுதலாம். ஊரைத் தெரிந்தவர் எழுதினால் அதில் ஒரு பிடிப்பு இருக்கும்.

ஸ்டைபண்ட் விஷயத்தில், சேரும் முன் ஹெச்.ஆருக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. இல்லை என்றால் தங்குவதற்கு முன்கூட்டியே வழி பாருங்கள். காட்பாடியிலிருந்து தினம் ரயிலில் போய் வரலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். போக இரண்டு மணி, வர இரண்டு மணி, அதிலும் இரவு ஒன்பது மணிக்குமேல் ஒரு டிராஃப்ட் வந்தால் நீங்கள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

சான்றிதழைத் தள்ளிப்போடாமல் திருத்தி வாங்குங்கள். அந்த 20 வாரக் கணக்குக்கு கல்லூரியில் காட்ட வேண்டியது அதுதான், அதில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். ஆன்லைன் படிவத்தில் கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டிருப்பீர்கள், அவர்கள் அதையே எடுத்துக்கொண்டிருப்பார்கள், நம் ஊர் இனிஷியல் பிள்ளைகள் எல்லோருக்கும் நடப்பதுதான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்துக்கு எழுத்து அச்சிட்டுத் தரும்படி, அதன் பிரதியை இணைத்து ஹெச்.ஆருக்கு எழுதுங்கள். உங்களுக்குக் கட்டைக் கொடுத்த அசோசியேட்டையும் அந்த மெயிலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.